தையல் பிரித்த பின்னர்



கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ சத்திரசிகிச்சை முடித்து வீடு திரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முச்சக்கரவண்டி வாசலில் நின்றதும் அயலவர் கூடிவிடுவர். பாண்டிருப்பிலிருந்து உறவினர் வருவர். அடுத்த தெரு முஸ்லிம் குடும்பத்தினர் கஞ்சியோடு வருவர். நோயாளரைச் சென்று பார்ப்பது அவர்களுக்கும் நமக்கும் சமயக் கடமையன்றோ! ஒரு வாரம் பத்து நாளில் தையல் பிரிக்கப்படும். இறைவன் அருளால் எல்லாம் நலமாய் முடிந்தது என்று வீட்டார் பெருமூச்சு விடுவர்.

ஆனால் முடியவில்லை. தோல் மேலே மூடிக்கொண்டாலும் உள்ளிருக்கும் பிணைப்பு அப்போது மிக மெலிந்ததே. மூன்று மாதங்கள் சென்ற பின்னரும் அவ்விடம் பழைய வலிமையில் ஏறத்தாழ 80 வீதத்தையே எட்டும். வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் பல வாரங்களுக்குத் தண்ணீர்க் குடத்தையோ நெல்மூட்டையையோ தூக்கலாகாது, தோணி தள்ளலாகாது என வைத்தியர் தடுப்பது இதனாலேயே.

1981 மே 13ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் சுடப்பட்ட பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர், நீண்ட சத்திரசிகிச்சைக்குப் பின் ஜூன் 3இல் இல்லம் திரும்பினார். காய்ச்சல் விடவில்லை. ஜூன் 20இல் மீண்டும் வைத்தியசாலை; கிருமித்தொற்று என்று கண்டறியப்பட்டது. ஆகஸ்ட் 5இல் இன்னொரு சத்திரசிகிச்சை, 14இல்தான் வீடு. உலகமே செபித்த ஒருவருக்கும் உடல் தனக்குரிய காலத்தைக் கேட்டே வாங்கியது.

லொயோலா புனித இஞ்ஞாசியாரின் கதை இன்னும் கூர்மையானது. 1521 மே 20இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. பிழையாகப் பொருந்திய எலும்பை மீண்டும் உடைத்துப் பொருத்தினர். முழங்காலின் கீழ் புடைத்து நின்ற எலும்பு அழகிய காலணிக்கு இடைஞ்சலாகும் என்று, மயக்கமருந்து இல்லாத அக்காலத்தில், தாமே கேட்டு அதை அறுக்கச் செய்தார்! படுக்கையில் வாசித்த நூல்களால் அவர் மனம் திரும்பியதை மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். அதற்குப் பின் நடந்ததைச் சொல்வோர் குறைவு. 1522இல் மன்ரேசாவில் கடும் நோன்பினால் அவர் தம் உடலை வருத்திக் கெடுத்துக்கொண்டார். வயிற்று நோவு பின்னாளிலும் அவரை விடவில்லை. ஆகவேதான் 1548இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், நோன்பைக் குறைத்து உடலைப் பேணும்படி அறிவுறுத்தினார். உடலும் ஆன்மாவைப் போல இறைவனுடையதே என்பது அவர் காட்டிய நியாயம்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் ஆயித்தியமலை அன்னையிடம் கால்நடையாக வருவேன் என்று நேர்ந்துகொள்வோர் நம்மில் பலர். காயம் ஆறுமுன்னரே புறப்படத் துடிப்பர். நேர்ச்சையைப் பின்போடவோ மாற்றவோ அஞ்சுகிறீர்களா? பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்; தக்க காரணமிருந்தால் தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தைத் திருச்சபைச் சட்டம் அவருக்கு அளித்துள்ளது. நோயினால் ஞாயிறு திருப்பலிக்குச் செல்ல இயலாதது பாவமன்று. நற்கருணையை வீட்டிலேயே பெறலாம். அதற்கு முன்னான ஒரு மணிநேர உபவாசமும் நோயாளரையும் அவரைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்துவதில்லை. பராமரிக்கும் மனைவியையும் மகளையும் சட்டம் நினைத்திருக்கிறது, பாருங்கள். நாம்தான் அவர்களை மறந்துவிடுகிறோம்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். மீன் கிரந்தி, முட்டை கிரந்தி என்று விலக்கி, வெறுஞ் சோறும் இரசமுமாகப் பல நாள் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. புண் ஆறுவதற்குப் புரதமே முதல் தேவை. வைத்தியர் தடை சொல்லாவிடில் மீன், முட்டை, பருப்பு, எருமைத் தயிர் தாராளமாகக் கொடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா சமைத்துக் கொடுக்கும் இக்கரையோரத்தார், வயிறு கிழித்தவருக்கு மாத்திரம் ஏன் மறுக்கிறோம்? கீரையும் பழமும் தண்ணீரும் சேர்ந்தால் மலச்சிக்கலால் முக்கித் தையலுக்குக் கேடு வராது. நீரிழிவு உள்ளவர் இரத்தச் சீனியைக் கட்டுக்குள் வைத்திருத்தல் வேண்டும். உயர்ந்தால் காயம் ஆறுவது தாமதிக்கும். மாற்கு 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யாயீரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொல்ல மறக்கவில்லை.

ஓய்வு என்பது படுத்தே கிடப்பதன்று. வைத்தியர் அனுமதித்த நாள் முதல் வீட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாக நடக்க வேண்டும். இல்லையேல் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். கொடுத்த மாத்திரைகளைச் சுகம் கண்டதும் இடையில் நிறுத்தாதீர்கள்.

காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு, சீழ் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது உடனே காட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மாத்திரம் வீங்கி வலித்தாலும் அவ்வாறே. திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நள்ளிரவாயினும் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வாசலுக்கு வரும்.