4 கோடி இலக்கத்துக்கு என்ன செலவு?

தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தின் பின்கோடு 625002. பிரித்தால் 2 × 3 × 7 × 23 × 647. இந்த அளவிலுள்ள ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்கமூலமான 790 வரை இருக்கும் 138 பகா எண்களால் வகுத்தால் தீர்ந்தது. செலவு ஒரு சாயங்காலம், ஒரு பேனா.

இப்போது பெரிய கணக்கு. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது, 2024 அக்டோபரில் உறுதியான பகா எண். இலக்கங்கள் 4,10,24,320. தொடக்கம் 8816943275, முடிவு 871551. ஏ4 பக்கத்துக்கு 5,000 இலக்கம் பிடிக்கும், ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 8,205 பக்கம், 8,205 ரூபாய். இருபுறமும் அடித்தால் 4,103 தாள். 80 ஜிஎஸ்எம் தாளென்றால் இருபதரைக் கிலோ. நொடிக்கு ஓர் இலக்கமாக வாசித்தால், தூங்காமல், 475 நாள். கணினியிலோ வெறும் 17 எம்பி. ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெரிது.

ஆக, எண்ணை வைத்துக்கொள்ளச் செலவில்லை. இப்படியொரு பகா எண்ணைத் தேடிச் சோதிப்பதுதான் பணத்தைத் தின்கிறது. வர்க்கமூலமே 2,05,12,160 இலக்கம். வகுத்துப் பார்க்கும் வழி அடைபட்டுவிட்டது. இங்கே கைகொடுப்பது லூகாஸ்–லெமர் சோதனை. சிறியதில் பாருங்கள்: 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைய, 31. நான்கில் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழித்தால் 14. மறுபடி செய்தால் 194. 31-ஆல் வகுக்க மீதி 8. மறுபடி 62, மீதி 0. மூன்று சுற்றில் பூஜ்யம், 31 பகா எண்தான். நம்முடைய எண்ணுக்கு இதே வேலை 13,62,79,839 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் நாலு கோடி இலக்க எண்ணின் வர்க்கம்.

கண்டுபிடித்தவர் அமெரிக்கரான லூக் டுரான்ட். 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் சில்லுகளை ஓடவிட்டார். அக்டோபர் 11-இல் டப்ளினில் இருந்த சில்லு 'இருக்கலாம்' என்றது. மறுநாள் டெக்சாஸில் இருந்த இன்னொன்று உறுதிசெய்தது. கைக்காசு சுமார் 20 லட்சம் டாலர் போனது. பரிசு 3,000 டாலர், அதாவது 100 ரூபாய் செலவுக்கு 15 காசு வரவு. அதையும் தான் படித்த அலபாமா பள்ளியின் கணிதத் துறைக்கே கொடுத்துவிட்டார்.

பயன்? பரவலாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டுக்கு 617 இலக்க எண்ணே போதும். பயன் கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டியதுதான். என்னைக் கேட்டால், அதற்காக இந்தச் செலவைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே ஒரு பகா எண் உண்டு என்பதற்கு 1919-இல் ராமானுஜன் சுருக்கமான நிரூபணம் தந்திருக்கிறார். ஆகவே நம்முடைய எண்ணைவிடப் பெரியது அதன் இரட்டிப்புக்குள்ளேயே நிச்சயம். ஆனால் இந்த உயரத்தில் சராசரியாக 9.45 கோடி எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண்; எது என்று காட்டுவதுதான் பாடு. 10 கோடி இலக்கப் பகா எண்ணைக் காட்டுபவருக்கு 1,50,000 டாலர் தருவதாக எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அறிவித்திருக்கிறது. இதே வகை எண்ணில் அதற்கு அடுக்கு 33.2 கோடியைத் தாண்ட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் அதற்கு 20,000 ரூபாய்.