ஓங்கோல் காளையின் பிரேசில் வம்சம்

2023-இல் பிரேசிலில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை விலைபோனது. அந்தக் கணக்கில் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கும் அதிகம். வியாட்டினா-19 என்ற அந்த வெள்ளைப் பசுவின் எடை சுமார் 1,100 கிலோ. இனத்தின் பெயர் நெல்லோர். சந்தேகமே வேண்டாம், நம் நெல்லூர்தான். தெலுங்கு பேசுவோர் அதை ஓங்கோல் மாடு என்பார்கள். ஹைதராபாத்தில் வாட்டசாட்டமான வாலிபனை இன்றும் ‘ஓங்கோலு கித்தா’ என்று சொல்வதுண்டு.

19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய மாடு இது. 1938-இல் பிரேசில்காரர்கள் இதற்கு வம்சப் பதிவேடே திறந்துவிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் போன கார்வாடி என்ற பொலிகாளையின் ரத்தம் இன்று அங்கே எண்ணற்ற மந்தைகளில் ஓடுகிறது. கார்வாடி, ஓங்கோல் அருகே உள்ள ஒரு கிராமத்தின் பெயர்.

அவர்களுக்கு இந்த மாட்டின் மீது ஏன் இவ்வளவு மோகம்? வெயில், உண்ணி, காய்ந்த புல் மூன்றையும் தாங்கும் என்பதால்தான். ஐரோப்பிய மாடுகள் அந்த வெப்பத்தில் துவண்டன. இரண்டையும் கலந்தபோது கன்று பெற்றோரைவிடத் திடமாக வந்தது. ‘கலப்பு வீரியம்’ என்பது இதைத்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா ஆராய்ச்சி நிலையத்தில் பிரிட்டிஷ் இனங்கள் மூன்றை ஒன்றோடொன்று கலந்து பார்த்தார்கள். தாயும் கன்றும் கலப்பினமாக இருந்தபோது, சினைக்கு விட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கிடைத்த, பால்குடி மறந்த கன்றின் எடை சுமார் 23 சதவீதம் கூடியது. திமில் மாட்டோடு கலந்தால் லாபம் இதற்கும் மேல். டெக்சஸின் கிங் பண்ணை, ஷார்ட்ஹார்ன் இனத்தோடு திமில் மாட்டைக் கலந்து சாண்டா கெர்ட்ருடிஸ் என்ற புதிய இனத்தையே உருவாக்கி, 1940-இல் அரசு அங்கீகாரமும் பெற்றுவிட்டது.

ஆனால் வெட்டிய பிறகு கதை மாறுகிறது. வளர்ச்சியில் தெரியும் வீரியம் கறியின் தரத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. திமில் மாட்டின் பங்கு கூடக்கூடச் சதைக்குள் ஓடும் கொழுப்பு இழை குறைகிறது, கறி கடினமாகிறது. வெட்டிய இறைச்சியின் நார்களைத் தளர்த்துவது கால்பெய்ன் என்ற நொதி. அதற்குக் கடிவாளம் போடும் கால்பாஸ்டாட்டின் இந்த இனங்களில் அதிகம். ஆகவே மென்மைக்கு ஆங்கஸ், தாக்குப்பிடிக்க நெல்லோர் என்று பிரேசில் பண்ணைக்காரர்கள் கலக்கிறார்கள்.

பிறந்த மண்ணில் இந்த மாட்டுக்கு அந்த வேலையே வைக்கப்படவில்லை. இது ஏரும் வண்டியும் இழுத்த மாடு. டிராக்டர் வந்த பிறகு சங்கராந்திக்குக் கல் இழுக்கும் போட்டிகளில்தான் அதன் வீரம் தெரிகிறது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பு இங்கே பாலுக்காகவே நடந்தது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் பசு வதையைத் தடை செய்கிறது.

ஹைதராபாத் கடைகளில் ‘படே கா கோஷ்த்’ என்று விற்பது பெரும்பாலும் எருமைக் கறி. அதில் ஆங்கஸைக் கலக்கவும் வழியில்லை: மாட்டுக்கு 60 குரோமோசோம்கள், நம் ஆற்றெருமைக்கு 50. கலப்பு என்றால் நாட்டு எருமைக்கு முர்ரா கடாவின் விந்து, அதுவும் பாலுக்காக. கறி வெறும் உபபொருள். பால் வற்றிய கிழட்டு எருமை கடைக்கு வருகிறது. 1999-இல் தொடங்கி, இன்று நகரின் செங்கிச்செர்லாவில் இருக்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னால் இருப்பது இந்தக் கடினமான கறிதான்.

முர்ரா கலந்த கடாக்கன்று நன்றாக வளரக்கூடியது. வளர விட்டால்தானே! தாய்ப்பால் கிடைக்காமல் பிஞ்சிலேயே சாகும் கன்றுகள் ஏராளம். இவற்றைக் காப்பாற்றி வளர்க்கவே 11-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசு தனித் திட்டம் கொண்டுவந்தது. கன்று குடிக்கும் பாலுக்கு அன்றன்றைக்கே காசு கிடைக்கும். அதன் கறிக்கு விலை கிடைக்க மாட்டுக்காரர் ஒன்றிரண்டு வருஷம் தீனி போட வேண்டும்.