முட்டைக்குள்ளேயே மூச்சுத் திணறி மாண்ட மீன் குஞ்சுகள்! கொலையாளி யார்?

100 முட்டையில் 95 போச்சு!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஓடும் சாக்ரமென்டோ ஆற்றில் 2014-ம் ஆண்டு பெரிய சாவு விழுந்தது. அருகி வரும் ஒரு மீன் இனத்தின் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் 100-க்கு சுமார் 95 செத்துப் போயின. மறு வருஷமும் (2015) அதே கதி!

யாரும் விஷம் கலக்கவில்லை. வெடி வைக்கவில்லை. தண்ணீர் கொஞ்சம் சூடானது. அவ்வளவுதான்!

செத்தது சாதாரண மீன் அல்ல. 'குளிர்கால சினூக் சால்மன்' என்று பெயர். இந்த வகை உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் கிடையாது. 1969-ல் ஒரு லட்சத்துக்கு மேல் ஆற்றில் ஏறி வந்தன. 1991-ல் 200 வந்தாலே பெரிது என்றாகிவிட்டது. 1994-ல் 'அழியும் ஆபத்தில் உள்ள இனம்' என்று அமெரிக்க அரசு அறிவித்தது.

தாய் வீடு அடைபட்டது

இந்த மீன் கடலில் வளரும். குளிர்காலத்தில் ஆற்றில் ஏறும். முட்டையிடுவதோ நல்ல கோடையில்!

அந்தக் காலத்தில் மெக்ளவுட் போன்ற மலை ஆறுகளுக்குப் போய் முட்டையிட்டது. எரிமலைப் பாறையிலிருந்து ஊறி வரும் தண்ணீர் கோடையிலும் ஜில்லென்று இருக்கும்.

602 அடி உயர ஷாஸ்டா அணை குறுக்கே வந்தது. 1945-ல் கட்டி முடித்தார்கள். மீனுக்கு வழி அடைபட்டது. இப்போது அணைக்குக் கீழே, ரெட்டிங் நகரப் பக்கம்தான் முட்டையிடுகிறது. அங்கே கோடை வெயில் 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்!

மூச்சு முட்டுவது எப்படி?

கூழாங்கற்களுக்கு அடியில் கிடக்கும் முட்டைக்குச் செவுள் கிடையாது. சுற்றி ஓடும் தண்ணீரிலிருந்துதான் பிராணவாயு உள்ளே போக வேண்டும்.

சூடு ஏறினால் முட்டைக்குள் இருக்கும் உயிருக்குப் பிராணவாயு அதிகம் தேவை. ஆனால் சூடான தண்ணீரிலோ பிராணவாயு குறைவு. செலவு கூடுது, வரவு குறையுது! பாவம், பச்சை உயிர் என்ன செய்யும்?

சோதனைச் சாலையில் 15 டிகிரி சென்டிகிரேடு வரை முட்டை தாங்கியது. அதை நம்பி இருந்தார்கள். ஆற்றிலோ 12 டிகிரி தாண்டினாலே சாவு தொடங்குகிறது என்று 2017-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சோதனைத் தொட்டியில் தண்ணீர் வேகமாக ஓடும், கற்களுக்கு அடியில் மெதுவாகக் கசியும். அந்த 3 டிகிரிதான் உயிருக்கு விலை!

குளிர்ந்த நீர் தீர்ந்தது

அணையின் அடியில் இருக்கும் தண்ணீர் குளிர்ந்தது. அதைத் தேர்ந்தெடுத்துத் திறந்துவிட 8 கோடி டாலர் செலவில் அணையின் முகத்தில் ஒரு இரும்பு அமைப்பு 1997-ல் பொருத்தப்பட்டது. ஆனால் 2014 வறட்சியில் முட்டைகள் பொரித்து முடிவதற்கு முன்பே அடித்தண்ணீர் தீர்ந்துவிட்டது.

முன்கூட்டியே சேமித்திருக்கக் கூடாதா? அங்கேதான் சிக்கல். அதே தண்ணீரை நம்பித்தான் கீழே நெல் வயல்களும் தோட்டங்களும் இருக்கின்றன. பயிர் கருகினால் விவசாயி வயிற்றில் அடி. தண்ணீர் போனால் மீன் வம்சமே காலி.

2021-ல் நிலைமை இன்னும் மோசம். 100-க்கு 3 கூடத் தேறவில்லை. அந்த வருஷம் தாய் மீன்களுக்கு வைட்டமின் பி-1 குறைவும் சேர்ந்துகொண்டது.

மீண்டும் மலை ஏறிய முட்டைகள்

2022-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. வின்னமெம் விண்டு என்ற பழங்குடி மக்களும் அரசு அதிகாரிகளும் சேர்ந்து, சுமார் 40 ஆயிரம் முட்டைகளை அணைக்கு மேலே மெக்ளவுட் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். குளிர்ந்த தண்ணீரில் அவை பொரித்தன. பல பத்து வருஷங்களுக்குப் பிறகு அந்த ஆற்றில் சால்மன் குஞ்சு நீந்தியது!

அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை டிகிரி என்றும் பார்க்க வேண்டும். மீன் குஞ்சுக்கு அந்தக் கணக்குதான் உயிர்!