டேஷ்போர்டுக்குள் தளும்பும் தண்ணீர்: ஒரே ஒலி, வெவ்வேறு காரணங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கார் வைத்திருக்கும் ஆசிரியர்கள் சிலர் சொல்லும் புகார் ஒன்று உண்டு. பள்ளிக்குக் கிளம்பி முதல் வேகத்தடையில் பிரேக் போட்டால் டேஷ்போர்டுக்குப் பின்னால் 'சளக்' என்று ஓர் ஒலி. வண்டியை எடுத்தால் மறுபடியும் 'சளக்'. பாதி நிரம்பிய குடத்தை யாரோ உள்ளே வைத்து ஆட்டுவது போல இருக்கும். செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை வேளச்சேரி சாலையில் நின்று நின்று செல்லும்போது இந்த ஒலி ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டுக்கொண்டே வரும்.

இதைச் சரியாகக் கண்டறிந்தால் சில நிமிட வேலையில் முடிந்துவிடக்கூடும். கண்டறியாமல் பாகங்களை மாற்றத் தொடங்கினால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிய செலவில் போய் நிற்கும். கவனிக்காமல் விட்டாலோ, சில சமயம் என்ஜினே சூடேறிப் பழுதாகும். அறிவியல் வகுப்பில் நாம் சொல்லித்தரும் 'உற்றுநோக்கு, கருதுகோள் அமை, சோதி' என்ற வரிசைக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே காருக்காகவும் வகுப்பறைக்காகவும் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நிறைகுடமும் குறைகுடமும்

'நிறைகுடம் தளும்பாது' என்பது நம் பழமொழி. முழுவதும் நிரம்பிய பாட்டிலை மூடி ஆட்டிப் பாருங்கள், ஒலி வராது. காலிப் பாட்டிலிலும் வராது. நீரும் காற்றும் ஒரே கலத்தில் சேர்ந்திருந்தால் மட்டுமே நீருக்கு ஓடி மோத இடம் கிடைக்கும். சந்தையில் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பவர் கேட்பதும் இதைத்தான். நீர் நிறைந்த இளநீர்க் காயில் சத்தம் இராது. முற்றிய காயில் நீர் குறைந்து காற்று இடம் பிடிப்பதால்தான் ஆடும் சத்தம் கேட்கிறது.

மருத்துவத்திலும் இதே முறை உண்டு. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில், நோயாளியின் தோள்களைப் பிடித்து அசைத்து, மார்புக்குள் நீர் தளும்பும் ஒலியைக் கேட்கும் சோதனை சொல்லப்பட்டிருக்கிறது. நுரையீரலைச் சுற்றி நீர் மட்டும் தேங்கியிருந்தால் அந்த ஒலி எழாது, நீரும் காற்றும் சேர்ந்திருந்தால்தான் எழும் என்பது இன்றைய மருத்துவ விளக்கம்.

காருக்கு வருவோம். தளும்பும் ஒலி நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: ஏதோ ஒரு கலத்தில் நீரும் காற்றும் சேர்ந்திருக்கின்றன. இது இரண்டு எதிரெதிர் வழிகளில் நடக்கலாம். காலியாக இருக்க வேண்டிய பெட்டியில் நீர் புகுந்திருக்கலாம். அல்லது நிறைந்திருக்க வேண்டிய குழாயில் நீர் குறைந்து காற்று புகுந்திருக்கலாம். முதலாவதற்குத் தீர்வு நீரை வெளியேற்றுவது. இரண்டாவதற்குத் தீர்வு நீர் எங்கே போயிற்று என்று தேடுவது. ஒலியை மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வரக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

காலியாக இருக்க வேண்டிய இடங்கள்

முதல் இடம் ஏசி பெட்டி. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஏசியின் குளிர்ச் சுருள் இருக்கிறது. குளிர்ந்த நீர் நிரப்பிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல, இந்தச் சுருளின் மேல் காற்றிலுள்ள நீராவி படிந்து நீராகிறது. ஆவி சுருங்குதல் என்று நாம் நடத்தும் அதே பாடம். 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் நீராக வெளியேற வேண்டும். ஈரப்பதம் 75 சதவீதம் உள்ள நாளில் 30 டிகிரிக் காற்று 100 கன மீட்டர் அளவுக்கு அந்தச் சுருளைக் கடந்து 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு லிட்டருக்கு மேல் நீர் சேரும். கணித ஆசிரியர்கள் இதையே ஒரு கணக்காகக் கொடுக்கலாம்.

இந்த நீர் வெளியேற, பெட்டியின் அடியில் விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. மெக்கானிக்குகள் இதை டிரெயின் பைப் என்பார்கள். தூசி, இலைத் துணுக்கு, பாசி, சேறு என எது அடைத்தாலும் நீர் பெட்டிக்குள்ளேயே தேங்கும். பிரேக் போட்டால் முன்னே ஓடும், வண்டி கிளம்பினால் பின்னே வரும், வளைவில் பக்கவாட்டில் மோதும். பத்தாம் வகுப்பு இயக்க விதிகள் பாடத்தில் வரும் நிலைமம் இங்கே காதில் விழுகிறது.

இதிலிருந்து பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு செய்தி தெளிவாகிறது. ஏசி ஓடிய காரின் அடியில் தெளிந்த நீர் சொட்டினால் அது பழுது அல்ல. சென்னையின் புழுக்கமான நாளில் அரை மணி நேரம் ஏசி ஓடியும் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது இடம், முன் கண்ணாடியின் அடிப்பகுதி. வைப்பர்கள் இருக்கும் அந்தப் பள்ளத்தில் விழும் மழைநீர் இரு பக்கத் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். பள்ளி வளாகத்தில் வேம்பு அல்லது தூங்குமூஞ்சி மரத்தடியில் நாள்தோறும் நிறுத்தும் காரில் சருகுகள் சேர்ந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். தேங்கும் நீர் ஏசி காற்றை உள்ளிழுக்கும் வழியாகக் காருக்குள்ளேயே வந்துவிடலாம்.

செம்பாக்கம்வாசிகளுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடுத்தடுத்த நீர்நிலைகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிப் போக வேண்டும். போகும் வழி அடைபட்டால் நீர் தெருவுக்கு வருகிறது. காரிலும் அப்படியே. நீர் வருவது இயல்பு, போகும் வழி அடைபடுவதுதான் பழுது.

நிறைந்திருக்க வேண்டிய இடம்

மூன்றாவது காரணம் வேறு வகை. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்கு மட்டும் போவதில்லை. அதன் ஒரு கிளை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சிறு ரேடியேட்டருக்கும் வருகிறது. சென்னையில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை. ஆனாலும் பெரும்பாலான கார்களில் ஹீட்டர் இருக்கிறது. அதைப் போடாவிட்டாலும் பல கார்களில் கூலன்ட் அதன் வழியே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தச் சுற்று முழுவதும் நிறைந்திருந்தால் ஒலி வராது. எங்கோ கசிந்து கூலன்ட் குறைந்தாலோ, கூலன்ட் மாற்றியபோது உள்ளிருந்த காற்றைச் சரியாக வெளியேற்றாமல் விட்டாலோ, காற்றுக் குமிழ்கள் ஹீட்டர் கோரில் தங்கும். அப்போது எழும் ஒலி ஓடை சலசலப்பது போல இருக்கும். காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகள் கேட்கலாம். வண்டி நின்றிருக்கும்போதே ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவும் செய்யலாம்.

மூன்றில் இதுதான் அபாயமானது. கூலன்ட் குறைந்த என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். சிலிண்டர் தலைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் பழுதாகி, எரிவாயு கூலன்ட்டுக்குள் புகுவதாலும் இந்தக் குமிழ்கள் வரக்கூடும்.

எப்படிக் கண்டறிவது?

நல்ல மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன் 'எப்போது கேட்கிறது?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தயாராக இருக்க, கீழ்க்காணும் வரிசையில் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது இதில் முக்கிய விதி.

1. நின்ற நிலையில் கேளுங்கள். வண்டியை நகர்த்தாமல் என்ஜினை மட்டும் ஓட விடுங்கள். மெல்ல ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். ஒலி கேட்டால் கூலன்ட் சுற்றைச் சந்தேகிக்கலாம். நின்றபோது அமைதியாக இருந்து, கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் கேட்டால் எங்கோ நீர் தேங்கி நிற்கிறது.

2. கூலன்ட் அளவைப் பாருங்கள். காலையில் என்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது, வெளியிலிருந்தே தெரியும் கூலன்ட் தொட்டியில் அளவு இரு கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நிரப்பிய பிறகும் சில நாட்களில் குறைந்தால் கசிவு உறுதி.

3. காரின் அடியில் பாருங்கள். அரை மணி நேரம் ஏசியுடன் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்துக் கவனியுங்கள். நீர் சொட்டவில்லை என்றால் டிரெயின் பைப் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பயணம் நீள நீள ஒலி கூடிக்கொண்டே வந்தால் அதுவும் இதற்குச் சான்று.

4. கால்மிதிக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். முன்பக்க இருக்கைகளின் கீழுள்ள விரிப்பு நனைந்திருக்கிறதா? மணமற்ற தெளிந்த நீர் என்றால் ஏசி நீர் அல்லது மழைநீர். பிசுபிசுப்பும் இனித்த வாடையும் நிறமும் இருந்தால் கூலன்ட். அதோடு முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்கினால் ஹீட்டர் கோர் கசிகிறது.

5. ஒரு சொம்பு நீர் ஊற்றுங்கள். மழையில்லாத நாளில், முன் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். முன் சக்கரங்களின் அருகே உடனே வடிந்தால் வழி திறந்திருக்கிறது. தேங்கி நின்றால் சருகை அகற்றுங்கள்.

ஒலி பக்கவாட்டிலிருந்து வந்தால் கதவின் அடியிலுள்ள வடிதுளைகளையும் பாருங்கள். கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டி பாதி காலியாக இருந்தாலும் முன்பக்கம் லேசாகத் தளும்பும். அது பழுதல்ல. நிரப்பிப் பார்த்தால் ஒலி நின்றுவிடும்.

அடைத்த டிரெயின் பைப்பை மெக்கானிக் கீழிருந்தே மெல்லிய குழாயாலோ குறைந்த அழுத்தக் காற்றாலோ திறந்துவிடுவார். கூர்மையான கம்பியைக் குத்தினால் குழாய் கழன்றுவிடும், உள்ளே பாகங்கள் சேதமாகும்.

கவனம்

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடிய சுற்றுக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில் நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரி. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் குறைந்து நீர் பொங்கி முகத்தில் அடிக்கும். பிரஷர் குக்கரை எடுத்துக்காட்டி மாணவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

கூலன்ட் குறைகிறது என்று தினமும் ஊற்றிச் சமாளிப்பதும் தவறு. வெப்பமானி முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். கூலன்ட்டில் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிந்தியதைக் கழுவிவிடுங்கள், குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அதுபோன்ற வெள்ளத்தில் கார் மூழ்கியிருந்தால் இந்தச் சோதனைகள் எதையும் செய்ய வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் சென்று பணிமனையில் காட்டுவதே சரி. உள்ளே நீர் புகுந்த என்ஜினை இயக்கினால் அது நிரந்தரமாகச் சேதமாகலாம்.

வகுப்பறையில் செய்ய

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரே அளவுள்ள மூன்று பாட்டில்களை எடுத்து ஒன்றை முழுவதும், ஒன்றைப் பாதி நிரப்பி, ஒன்றைக் காலியாக விட்டு மூடுங்கள். உள்ளே தெரியாதபடி செய்தித்தாள் சுற்றுங்கள். ஆசிரியரே ஆட்டிக் காட்டட்டும், மாணவர்கள் கேட்டு எது எது என்று சொல்லட்டும். பாதி நிரம்பியதை எளிதில் சொல்லிவிடுவார்கள். மற்ற இரண்டையும் ஒலியால் மட்டும் பிரிக்க முடியாது. 'இன்னும் என்ன செய்தால் தெரியும்?' என்று கேளுங்கள். 'கையில் கொடுங்கள், எடை பார்க்கிறேன்' என்று ஒரு குழந்தை சொன்னால் பாடம் நடந்துவிட்டது.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு: பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் துளையிட்டு ஒரு துண்டுக் குழாய் செருகி, பஞ்சால் அடைத்து நீர் ஊற்றுங்கள். பொம்மை வண்டியில் வைத்துத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறிக்கட்டும். பிறகு நிறமற்ற குழாயில் நீர் நிரப்பி ஒரு காற்றுக் குமிழை விட்டுச் சாய்த்துக் காட்டுங்கள். இரண்டு ஒலிகளையும் கண்ணை மூடிக் கேட்டு வேறுபடுத்தட்டும். இறுதியில் 'காரில் தண்ணீர்ச் சத்தம்' என்ற சிக்கலைக் குழுக்களுக்குக் கொடுங்கள். விடை சொல்ல வேண்டாம், ஓட்டுநரிடம் கேட்க ஐந்து கேள்விகள் மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தக் கேள்வி அதிகக் காரணங்களை நீக்குகிறதோ, அதுவே சிறந்த கேள்வி.

நம் மதிப்பீட்டுக்கும் இது பொருந்தும். கழித்தல் கணக்கில் ஒரே தவறான விடையை இரண்டு மாணவர்கள் எழுதியிருக்கலாம். ஒருவருக்குக் கடன் வாங்குதல் புரியாமல் இருக்கலாம், மற்றவர் கேள்வியையே தவறாகப் படித்திருக்கலாம். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பது, காரணம் கேட்காமல் பாகத்தை மாற்றுவது போன்றது. 'எப்படிச் செய்தாய், சொல்லு' என்று அருகில் அமர்ந்து கேட்க ஒரு நிமிடம் போதும். மழைக்கால விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும் வாரத்தில் இந்தச் செயல்பாட்டைச் செய்து பாருங்கள். காரையும் அதே வாரத்தில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.