பனாஜியின் பெரிய மணி

கோவாவின் தலைநகர் பனாஜியில் அமலோற்பவ அன்னை பங்கு ஆலயத்தின் முகப்பில் தொங்கும் பெரிய மணி, அந்த ஆலயத்துக்கென்று வார்க்கப்பட்டதல்ல. பழைய கோவாவில் அகஸ்தினார் சபைத் துறவிகள் எழுப்பிய ஆலயத்துக்குச் சொந்தமாக இருந்தது அது. 1834இல் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. கேட்பாரற்றுப்போன அந்த ஆலயத்தின் கூரை 1842இல் இடிந்தது. மணி சில காலம் அகுவாடா கோட்டைக் கலங்கரை விளக்கத்தில் இருந்து, 1871இல் பனாஜிக்கு வந்தது. பழைய ஆலயத்தின் 46 மீட்டர் கோபுரத்தில் பாதி 1931இல் சரிந்தது. உரிய காலத்தில் கழற்றியிராவிட்டால் மணியும் அந்தக் கற்குவியலுக்குள் போயிருக்கும். கோவாவில் இதைவிடப் பெரிய மணி ஒன்றுதான்: 1652இல் குங்கொளியில் வார்த்த, சே பேராலயத்தின் ‘தங்க மணி’.

ஊர்விட்டு ஊர் போன மணிகள் மேற்குக் கரையில் இன்னும் உண்டு. 1739இல் சிமாஜி அப்பா தலைமையில் மராட்டியர் வசாய் கோட்டையைப் பிடித்தபோது, அங்கிருந்த தேவாலய மணிகளை வெற்றிச் சின்னமாகக் கொண்டு சென்றனர். நாசிக்கில் கோதாவரிக் கரையிலுள்ள நாரோசங்கர் கோயிலில் அப்படி ஒரு மணி தொங்குகிறது. அதில் 1721 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. பீமாசங்கர் சிவாலயத்திலும் வசாய் மணி உண்டு.

பங்கு ஆலய மணிக்கு அளவைவிட முக்கியம் அதை அடிக்கும் முறை. ஆள் யாரென்று பார்க்காமலே, செய்தி என்னவென்று ஊருக்குத் தெரிந்துவிடும். காலை, நண்பகல், மாலை என மூவேளை செபத்துக்கு மும்மூன்று அடியாக மூன்று தடவை, நடுவே ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லும் நேரம் விட்டு அடிப்பார்கள். பிறகு மணி தொடர்ந்து ஒலிக்கும். நண்பகல் மணிக்கு 1456இல் போப் மூன்றாம் கலிஸ்துஸ் இட்ட ஆணையும் ஒரு காரணம். பெல்கிரேடை ஒட்டோமானியர் முற்றுகையிட்ட நேரம் அது. சாவுக்கு அடிக்கும் துக்க மணி ஒற்றை ஒற்றையாக, ஓர் அடியின் ரீங்காரம் அடங்கிய பிறகே அடுத்த அடியாக விழும். அந்த இடைவெளியைக் கைப்பழக்கத்தால்தான் கற்க முடியும். பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதத்தின்போது முழங்கும் மணி, பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் பாடும்வரை ஒலிக்காது. அதுவரை மரத்தட்டிதான்.

நம் ஊர்களில் பெரும்பாலும் மணி அசையாது; கயிறு நாக்கை இழுத்து விளிம்பில் அடிக்கும். ஆங்கிலேய முறையில் மணியே முழு வட்டமாகச் சுழலும். அப்படிச் சுழல்வதற்கென்றே மாட்டிய எட்டு மணிகள் புனேயின் ஹோலி நேம் ஆலயத்தில் உள்ளன.

ஏறக்குறைய நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் கடினமானது, ஆனால் எளிதில் உடையும். நாக்கு ஒரே இடத்தில் பட்டுப்பட்டு விளிம்பு தேயும்போது, மணியைக் கால் சுற்று திருப்பி மாட்டினால் அடி புதிய இடத்தில் விழும். ஆள் கிடைக்காத பங்குகள் மின் சுத்தியலையோ ஒலிபெருக்கியில் பதிவையோ நாடுகின்றன. சுத்தியல் வைப்பது புரிந்துகொள்ளக்கூடியது. கோபுரத்தில் நல்ல மணியை வைத்துக்கொண்டு பதிவை ஒலிக்கவிடுவது ஏற்கத்தக்கதல்ல. மின் சுத்தியலிலும் அடியின் வேகத்தை மணியின் எடைக்கேற்ப அமைக்க வேண்டும். மிஞ்சினால் விரிசல் விடும். விரிசல் விட்ட மணியைத் தேர்ந்த பட்டறையில் பற்றவைக்க வேண்டும், அல்லது உருக்கி மறுபடி வார்க்க வேண்டும்.