ட்ரட்ஜும் ட்ரோனும்: ஒரு சொல்லாய்வு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து மாணவர்களின் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் நாம் அடிக்கடி காணும் பிழை ஒன்றுண்டு. 'ட்ரட்ஜ்', 'ட்ரோன்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களையும் 'மந்தன்' என்றே அவர்கள் பெயர்த்துவிடுகின்றனர். சலிப்பூட்டும் வேலையில் கிடப்போரை இவை இரண்டும் இன்று சுட்டுவதே இம்மயக்கத்திற்குக் காரணமாகும். ஆயினும் இவை பிறந்த இடம் வேறு. தரும் பழியும் வேறு.

ட்ரட்ஜ் என்பவர் ஓயாது உழைப்பவர். ஆனால் அவ்வுழைப்பில் சுவையில்லை, உயர்வுமில்லை. நம் வழக்கில் 'செக்குமாடு' என்பது இதற்கு நெருங்கிய சொல். நாளெல்லாம் நடந்தும் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. பெரம்பலூர்ப் பகுதியில் பொழுதெல்லாம் குனிந்திருந்து சின்ன வெங்காயத்தின் தாளரியும் பெண்களும், அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெயிலில் நிற்போரும் செய்வது இத்தகைய உழைப்பே. இங்கு மந்தம் வேலையினுடையது, ஆளினுடையதன்று. 1755இல் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அகராதி தொகுப்போரையே நகைச்சுவையாக இச்சொல்லால் சுட்டினார். அவரை மந்தர் என்போர் எவருமிலர்.

ட்ரோன் என்பதோ ஆண் தேனீ. அதற்குக் கொடுக்கு இல்லை. அது தேன் சேர்ப்பதுமில்லை. பிற தேனீக்கள் ஈட்டியதை உண்டு வாழும். எனவே பதினாறாம் நூற்றாண்டு முதலே பிறர் உழைப்பில் வாழும் சோம்பேறியை இச்சொல் குறித்தது. நம்மவர் சொல்லும் 'தண்டச்சோறு' இதுவே. பிற்காலத்தில் பொருள் திரிந்து, அலுவலகங்களில் இயந்திரம்போல் இயங்குவோரையும் குறிக்கலாயிற்று. 1935இல் பிரிட்டன் உருவாக்கிய ஆளில்லா விமானத்திற்கு 'ராணித் தேனீ' எனப் பெயர். அதன் தொடர்பிலேயே அத்தகைய விமானங்களுக்கு ட்ரோன் என்னும் பெயர் வந்தது என்பர். உழைக்காத தேனீயின் பெயரைத் தாங்கிய கருவி, முதுகில் தெளிப்பானைச் சுமந்தவரின் பணியை இன்று வயலில் ஏற்றுச் செய்கிறது!

வள்ளுவர் 'மடியின்மை'யையும் 'ஆள்வினையுடைமை'யையும் 61, 62ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். ஆயினும் இரண்டையும் ஒன்றாக்கினாரல்லர். அவ்வேறுபாடு நமக்கும் வேண்டும். விடியுமுன் வயலில் உழைத்துவிட்டு, வகுப்பில் கண்ணயரும் மாணவனை 'மந்தன்' என்று அழைக்குமுன், ஆசிரியராகிய நாம் ஒரு கணம் எண்ணுதல் வேண்டும். அவன் தண்டச்சோறு அல்லன், களைத்துப்போன உழைப்பாளி. சொல் பிழைத்தால் மதிப்பெண் குறையும். அதே பிழை நம் வாயில் வந்தால் ஒரு பிள்ளையின் மனம் ஒடியும்.