பெயர் ஒன்று, ஆட்கள் பலர்

ஹதீஸ் கலையின் கிளைகளுள் ஒன்று ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’. எழுத்திலும் உச்சரிப்பிலும் ஒன்றுபட்டு, குறிக்கும் ஆளால் வேறுபடும் பெயர்களை ஆராய்வது அது. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள் இப்பெயரிலேயே ஒரு நூல் யாத்துள்ளார்கள்.

இது வெறும் பெயராராய்ச்சி அன்று. அறிவிப்பாளர் இன்னார் எனத் தெளிவாகாத வரை, அவர் நம்பகமானவரா, தம் ஆசிரியராகக் குறிப்பிடுபவரைச் சந்தித்தவரா என்பன தெளிவாகா. பெயர் மயங்கினால் பலவீனமானவர் நம்பகமானவராகிவிடுவார், நம்பகமானவர் புறந்தள்ளப்படுவார்.

ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸையே எடுத்துக்கொள்வோம். எண்ணம் பற்றிய அந்த ஹதீஸை இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்கு அறிவித்தவர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர். ஹிஜ்ரி 73இல் மக்காவில் உயிர்த்தியாகியான நபித்தோழரின் பெயரும் இதுவே. ஆனால் இவரோ ஹிஜ்ரி 219இல் மறைந்த ஹுமைதீ. அவருக்கு அறிவித்தவர் ‘சுஃப்யான்’ என்று மட்டுமே குறிக்கப்படுகிறார். கூஃபாவின் சுஃப்யான் ஸவ்ரீயா (மறைவு ஹி. 161), மக்காவில் வாழ்ந்த சுஃப்யான் இப்னு உயைனாவா (மறைவு ஹி. 198)? ஹுமைதீ மக்காவாசி, இப்னு உயைனாவிடம் நெடுங்காலம் பயின்றவர். எனவே இங்கு குறிக்கப்படுபவர் இப்னு உயைனாவே என அறிஞர்கள் தெளிந்தனர்.

அடுத்தவர் யஹ்யா இப்னு ஸஈத். மதீனாவின் அன்ஸாரீயும் பஸ்ராவின் கத்தானும் இப்பெயருடையோரே. கத்தானோ அன்ஸாரீயின் மாணவருங்கூட. இங்கு ‘அன்ஸாரீ’ என்னும் ஒரு சொல்லே மயக்கத்தை நீக்குகிறது. அவ்வாறே ‘லைஸீ’ என்னும் சொல், அல்கமா இப்னு வக்காஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மாணவரான அல்கமா இப்னு கைஸிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பேரறிஞர்களும் இவ்விடத்தில் சறுக்கியதுண்டு. மழைத் தொழுகை பற்றிய ஹதீஸை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்களை, பாங்கைக் கனவில் கண்ட அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) என்றே இப்னு உயைனா கருதினார்கள். முன்னவரின் பாட்டனார் ஆஸிம். பின்னவரின் பாட்டனார் அப்து ரப்பிஹி. இத்தவற்றை இமாம் புகாரி தம் நூலிலேயே சுட்டிக்காட்டுகிறார்கள். ஆசிரியரின் மாண்பும் குறையவில்லை, உண்மையும் மறைக்கப்படவில்லை.

ஊர்ப்பெயர்களிலும் இம்மயக்கம் உண்டு. ‘ஆமுலீ’ என்பவர் தபரிஸ்தானின் ஆமுலைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். ஜைஹூன் ஆற்றங்கரை ஆமுலைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். வரலாற்றாசிரியர் தபரீ முன்னதில் பிறந்தவர்கள். இமாம் புகாரியின் ஆசிரியர் அப்துல்லாஹ் இப்னு ஹம்மாத் பின்னதைச் சேர்ந்தவர்கள். இவரை முன்னதற்கு உரியவராகக் காழீ இயாழ் (ரஹ்) அவர்களே குறித்துவிட்டார்கள். பெயரால் ஒன்றுபட்டு நிலத்தால் வேறுபடும் ஊர்களுக்கென யாகூத் அல்ஹமவீ (மறைவு ஹி. 626) தனி நூலே எழுதினார்கள்.

தமிழில் எழுதும் நாம் நீண்ட பெயர்களைச் சுருக்கிவிடுகிறோம். தந்தை பெயரையும் ஊர், குலப் பெயர்களையும் வாசகருக்குச் சுமையென எண்ணி விட்டுவிடுகிறோம். முன்னோர் அவற்றைப் பேணியது அலங்காரத்திற்காக அன்று. ‘அன்ஸாரீ’ என்ற சொல்லை நீக்கினால் அச்சில் மிஞ்சுவது அரைவரி இடமே. இழப்பதோ ஒரு மனிதரின் அடையாளம், அவர் வழிவந்த செய்தியின் உறுதி. மறைந்த ஆண்டையும் உடன் குறிப்போமாயின், வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ள வழி பிறக்கும்.